மூன்று விலைப்புள்ளிகள்

தெலுக் இந்தான் நகரின் நடுவே நிற்கும் சாய்ந்த கோபுரம், 1885ஆம் ஆண்டு லியோங் சூன் சோங் என்னும் சீனக் குத்தகையாளரால் கட்டப்பட்டது. அதன் உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு அடுக்குகள் தெரியும். உள்ளே இருப்பவை மூன்று மாடிகள்தாம். ஊருக்குத் தேவையான நீரைச் சேமிக்க மேலே தொட்டி அமைத்தார்கள். அடியிலுள்ள மண் மென்மையானதால் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் அதைத் தேடி வருகிறார்கள். அதே மண்ணின் மீதுதான் ஊராரின் வீடுகளும் நிற்கின்றன. நம் வீட்டுச் சமையலறை சாய்ந்தால் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

வரிசை வீடுகளில் சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுவது வழக்கம். மென்மையான மண்ணில் பழைய வீடு ஆழமாக இறக்கிய அடித்தூண்களின் மீது நிற்கும். புதிய பகுதிக்கு அவ்வாறு செய்யாமல் மண்மேல் தளம் மட்டும் போட்டால், சில ஆண்டுகளில் அது தனியாக அமிழும். இரண்டும் சேரும் இடத்தில் சுவர் பிளந்து மழைநீர் ஒழுகும். இதைத் தவிர்க்கவே 'பாக்காவ்' எனப்படும் கண்டல் மரக் கழிகளை மண்ணில் இறக்குகிறார்கள். நம் பேராக் மாநிலத்தின் மாத்தாங் கண்டல் காடு இத்தகைய கழிகளுக்குப் பெயர்பெற்றது.

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தம் சேமநிதிப் பணத்தில் சமையலறையை நீட்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று குத்தகையாளர்களிடம் விலைப்புள்ளி கேட்கிறார். முதலாமவர் 18,000 ரிங்கிட், இரண்டாமவர் 23,500 ரிங்கிட், மூன்றாமவர் 25,000 ரிங்கிட் என எழுதித் தருகிறார்கள். கண் உடனே 18,000இல் போய் நிற்கும்.

தாள்களைப் படித்துப் பார்த்தால் நிலைமை வேறு. முதலாமவர் எழுதியது ஒரே வரி: "சமையலறை நீட்டிப்பு, பொருளும் கூலியும் சேர்த்து". கழி இறக்குவது பற்றி அதில் பேச்சே இல்லை. விசாரித்தால், கழிக்கு 4,200, தரை ஓட்டுக்கு 1,300, மின்கம்பி வேலைக்கு 1,500 தனி என்கிறார். இரண்டாமவரின் விலையில் இவை அடங்கும். ஆனால், நகராண்மைக் கழக அனுமதிக்கான வரைபடச் செலவு 1,800 ரிங்கிட்டும் இடிபாடுகளை அகற்றும் செலவு 600 ரிங்கிட்டும் சேரவில்லை. முதலாமவரிடமும் இவ்விரண்டும் இல்லை. மூன்றாமவர் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். கூட்டிப் பார்த்தால் முதலாமவர் 27,400, இரண்டாமவர் 25,900, மூன்றாமவர் அதே 25,000. மலிவாகத் தெரிந்ததுதான் கடைசியில் அதிக விலை!

இதில் குத்தகையாளரை மட்டும் குறை சொல்வது சரியன்று. "சமையலறையை நீட்டணும், எவ்வளவு ஆகும்?" என்று வாய்ச்சொல்லாகக் கேட்டால் ஒவ்வொருவரும் தாம் நினைத்த வேலைக்குத்தான் விலை சொல்வார்கள். நீள அகலம், கழிகளின் எண்ணிக்கையும் நீளமும், கூரைத் தகரத்தின் தடிப்பு, விளக்கு எத்தனை, வடிகால் யார் பொறுப்பு என்பவற்றை முதலில் நாமே ஒரு தாளில் எழுத வேண்டும். அதே தாளை மூவரிடமும் கொடுக்க வேண்டும்.

மூன்றாமவரிடமும் ஒரு சிக்கல் உண்டு. அவர் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். அடித்தளம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் பணம் தருவதாகப் பேசி, அதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது பாதுகாப்பு. குத்தகையாளர்கள் மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமாகிய சி.ஐ.டி.பி.யில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு உள்ளதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

வேலை பாதியில் நின்றுபோனால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கு 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட்தான். போகும்போது விலைப்புள்ளி, ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீதுகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.