நுரையீரல் புற்றுநோய் ஆபரேஷன்: ரிசல்ட் எப்படி இருக்கும் என்று பிளட் டெஸ்ட் முன்கூட்டியே சொல்லுமா?

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் என்றாலே கோயிலுக்கு அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான்தான். பொம்மை முதல் ஃபியூஸ் கேரியர் வரை இங்கே தயாராகிறது. பீங்கானுக்கான மூலப்பொருளில் களிமண்ணோடு குவார்ட்ஸும் சேரும். அதை அரைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1997ஆம் ஆண்டிலேயே இந்தத் தூசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

நுரையீரல் புற்றுநோயை ஆரம்ப கட்டத்திலேயே கண்டுபிடித்தால், ஆபரேஷன்தான் முக்கிய சிகிச்சை. அப்போது குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி: "உடம்பு தாங்குமா? திரும்ப வராம இருக்குமா?" இதற்கான சில தடயங்கள் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இருக்கின்றன.

எதையெல்லாம் பார்க்கிறார்கள்?

நியூட்ரோபில் - லிம்போசைட் விகிதம்: இரண்டும் வெள்ளை அணு வகைகள். உடலில் அழற்சி இருந்தால் நியூட்ரோபில் கூடும். புற்றுநோய் செல்களை எதிர்ப்பதில் லிம்போசைட்டுக்குப் பங்கு உண்டு. ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் 60 சதவீதம், லிம்போசைட் 30 சதவீதம் என்றால் விகிதம் 2. அதுவே 80க்கு 10 என்றால் 8. ஆபரேஷனுக்கு முன்பே இந்த விகிதம் அதிகமாக இருப்பவர்களுக்கு, சராசரியாகப் பார்த்தால் பலன் குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அல்புமின்: ரத்தத்தில் உள்ள புரதம். இது குறைந்தால் ஊட்டச்சத்து குறைவு, நாள்பட்ட அழற்சி போன்றவை காரணமாக இருக்கலாம். புண் ஆறுவது தாமதமாகலாம், தொற்று வரலாம்.

ஊட்டச்சத்துக் குறியீடு: அல்புமின், லிம்போசைட் இரண்டையும் சேர்த்துப் போடும் கணக்கு. வயிறு, குடல் ஆபரேஷன் நோயாளிகளுக்காக 1984இல் ஜப்பான் மருத்துவர்கள் வெளியிட்டது; இப்போது நுரையீரல் புற்றுநோயிலும் பயன்படுகிறது. அல்புமினை 10ஆல் பெருக்கி, லிம்போசைட் எண்ணிக்கையை 0.005ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். அல்புமின் 4, லிம்போசைட் 2,000 என்றால் குறியீடு 50. அல்புமின் 3, லிம்போசைட் 1,200 என்றால் 36தான். குறியீடு இறங்க இறங்க கவனம் கூட வேண்டும்.

சி.இ.ஏ: புற்றுநோய்க் குறிப்பான். ஆபரேஷனுக்கு முன் இது அதிகமாக இருந்தால், நோய் திரும்பும் வாய்ப்பையும் டாக்டர்கள் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

அப்போ இந்த நம்பரே முடிவு சொல்லிடுமா?

சொல்லாது. தூசில் வேலை பார்த்தவருக்கு சிலிக்கோசிஸ் இருக்கலாம், டிபி இருக்கலாம். சாதாரண நெஞ்சுச் சளித் தொற்று, ஸ்டீராய்டு மாத்திரைகூட அந்த விகிதத்தை ஏற்றிவிடும். புகைபிடிப்பவர்களுக்கு சி.இ.ஏ. கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். 'இதைத் தாண்டினால் ஆபத்து' என எல்லோருக்கும் பொதுவான ஒரே எல்லையும் கிடையாது. புற்றுநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நெறிகட்டிகளுக்குப் பரவியதா, நுரையீரலின் திறன் எவ்வளவு, இதயம் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் வைத்துத்தான் டாக்டர்கள் முடிவெடுப்பார்கள்.

நோயாளி என்ன செய்யணும்?

என்ன வேலை, எத்தனை வருஷம் பார்த்தார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிபி வந்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. பீடி, சிகரெட்டை உடனே நிறுத்த வேண்டும். அல்புமின் குறைவாக இருந்தால், டாக்டர் சொல்லும் அளவில் முட்டை, பருப்பு, பால், மீன் சேர்த்துக்கொள்ளலாம். ரத்தசோகை இருந்தால் சரிசெய்ய வேண்டும். மூச்சுப் பயிற்சியும் கைகொடுக்கும்.

"ரிப்போர்ட் சரியில்ல, ஆபரேஷன் வேணாம்" என்று வீட்டிலேயே முடிவெடுத்து நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. ஆபரேஷனுக்கு முன்பு எதையெல்லாம் சரிசெய்யலாம் என்று காட்டுவதுதான் அந்த நம்பரின் வேலை.