போர்க்கலைத் திரைப்படங்களும் பெருமிதச் சுவையும்

கண்முன் குருதி சிந்தக் காண்போர் அஞ்சி அகல்வர். அதுவே திரையில் நிகழுங்கால் காசு கொடுத்துக் காணக் கூடுவர். கொடுமையின்மேல் மக்கட்குள்ள வேட்கையே இதற்குக் காரணம் என்பாரும் உளர். அவ்விடை முழுமையானதன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் வெகுளி என்பது உறுப்புக்களைச் சிதைத்தல், சுற்றத்தார்க்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொலை என்னும் நான்கினால் தோன்றும். பெருமிதமோ கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றால் தோன்றும். தறுகணுக்கு முன்னே கல்வி வைக்கப்பட்டமை கருதத்தக்கது.

1973இல் வெளிவந்த ‘என்டர் த டிராகன்’ இதற்குத் தக்க சான்றாகும். அதன் நாயகன் புரூஸ் லீ, படம் திரைக்கு வருமுன்னரே, அவ்வாண்டு யூலை 20இல் தமது 32ஆம் வயதில் காலமானார். தீயோர் துரத்த, நாயகனின் தங்கை தன்னுயிரைத் தானே மாய்த்துக் கொள்கிறாள். கதைக்கு வித்தாவது இவ்வெகுளியே. ஆயினும், இறுதியில் கண்ணாடி அறையிலே பகைவனின் உருவம் பலவாய்த் தோன்றி மயக்குங்கால், ஆசிரியரின் மொழியை நினைந்து, நாயகன் கண்ணாடிகளை உடைத்து மெய்யுருவைக் காண்கிறான். அங்கு வெல்வது கல்வி. காண்போர் உள்ளத்தில் எழுவது பெருமிதம்.

இவ்வின்பம் ஈழத்தின் கீழ்க்கரைக்குப் புதியதன்று. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்களைக் கொண்ட அக்கரையிலே சிலம்படியும், பெயரிலேயே சீனத்தைச் சுட்டும் சீனடியும் அண்ணாவிமாரிடம் பயிலப்பட்டு, திருமண விழாக்களிலும் ஆடப்பட்டு வந்துள்ளன. அவ்வரங்கில் எதிர்நிற்பவன் பகைவனல்லன், உடன்பயின்ற தோழன். வீசிய கோலை அவன் மெய்யிற் படாது நிறுத்துதலே ஆடுவோனின் தேர்ச்சிக்கு அளவுகோல்.

திரைப்பட நடிகரும் அவ்வாறே அடியைத் தடுத்து நிறுத்துகின்றனர். ஆனால் படப்பிடிப்பும் ஒலியும் அத்தடுப்பை மறைத்து, அடி பட்டதாகவே காட்டுகின்றன. முற்றத்தில் ஆட்டம் கண்டவன் வன்மையோடு அடக்கத்தையும் கண்டான். திரையரங்கில் இருப்பவன் வன்மையை மட்டுமே காண்கிறான். கொலையை மேன்மேலும் அடுக்கும் படங்களில் கல்வி மறைய, வெகுளியே எஞ்சுகின்றது.

1983 முதல் 2009 வரை போரின் கொடுமையை உணர்ந்த நாட்டில் இவ்வேறுபாடு வெறும் இலக்கண ஆராய்ச்சியன்று. மெய்யான கொலையில் பெருமிதத்திற்கு இடமில்லை என்பதை மக்கள் அறிவர். போர்க்கலைப் படத்தை விரும்பும் இளைஞனைக் கடிவதினும், அவன் வியக்கும் அடியின் பின்னே நெடுநாட் பயிற்சியும் தன்னடக்கமும் உள்ளன என்று காட்டுவதே ஆசிரியர் கடனாம். அதனைக் காட்டவல்ல கலை அவனது ஊரிலேயே உளது.