கடை ஊழியருக்கு அபாயப் படி: ஊராட்சி மன்றம் ஆணையிட முடியுமா?

உடல்நலத்துக்கு ஆபத்து உள்ள சூழலில் வேலை செய்பவருக்கு வழக்கமான சம்பளத்துக்கு மேல் தரப்படும் தொகையே அபாயப் படி. கோவிட்-19 பரவிய காலத்தில், பேரங்காடி ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கும் சட்டங்களை அமெரிக்காவின் சில நகரங்கள் இயற்றின. மலேசியாவில் எந்த ஊராட்சி மன்றமும் அப்படிச் செய்யவில்லை. செய்யவும் முடியாது. காரணம் அரசியலமைப்பில் இருக்கிறது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, உணவுப் பொருள் விற்கும் கடைகள் அத்தியாவசியச் சேவையாகத் திறந்திருந்தன. சிலாங்கூரின் கிள்ளானிலும், கோல லங்காட் பகுதியின் தெலுக் பங்லிமா காராங்கிலும் மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்க, காசாளர்களும் சரக்கு அடுக்குவோரும் நாள் முழுதும் வாடிக்கையாளர்கள் நடுவே நின்றார்கள். அந்த ஏப்ரல் முதல் மருத்துவப் பணியாளர்களுக்கு மாதம் 600 வெள்ளியும், போலீஸ், இராணுவம், தீயணைப்பு போன்ற துறையினருக்கு 200 வெள்ளியும் சிறப்பு அலவன்ஸாகக் கூட்டரசு அரசாங்கம் வழங்கியது. தனியார் கடை ஊழியர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

கலிபோர்னியாவின் லாங் பீச் நகர மன்றம் 2021 ஜனவரியில், பெரிய மளிகை நிறுவனங்கள் மணிக்கு 4 டாலர் கூடுதலாகத் தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. சியாட்டில் நகரமும் அதே தொகையை விதித்தது. மளிகை வணிகர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. தொழிலாளரும் முதலாளியும் பேசி முடிக்க வேண்டிய சம்பளத்தில் நகர மன்றம் தலையிடுகிறது என்பதும், மற்ற வணிகங்களை விட்டு மளிகைக் கடைகளை மட்டும் குறிவைப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்பதும் அவற்றின் வாதம். நீதிமன்றங்கள் இவற்றை ஏற்கவில்லை. இச்சட்டம் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைப் போன்ற ஓர் அடிப்படைத் தொழில் தரம். கூட்டுப் பேரத்துக்கு அது தடையல்ல என்று அவை கருதின. லாங் பீச் வழக்கில் 2022-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகரத்தின் பக்கமே நின்றது. ஆனால் அதற்கு முன்பே, 2021-இல், குரோகர் என்ற மளிகை நிறுவனம் லாங் பீச்சில் இரண்டு கடைகளை மூடிவிட்டது. சட்டம் நிலைத்தாலும் சிலருக்கு அந்தக் கடைகளில் வேலை நிலைக்கவில்லை.

மலேசியாவில் வழக்கு அந்தக் கட்டத்தை எட்டவே வாய்ப்பில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 74-ஆவது பிரிவும் ஒன்பதாவது அட்டவணையும் அதிகாரங்களைப் பங்கிடுகின்றன. தொழிலாளர் விவகாரமும் சமூகப் பாதுகாப்பும் கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. ஊராட்சி மாநிலப் பட்டியலில் உள்ளது. சம்பளம் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் சிலாங்கூர் சட்டமன்றத்துக்கே இல்லாதபோது, அதன் கீழ் இயங்கும் கோல லங்காட் நகராண்மைக் கழகத்துக்கு அது வந்துசேர வழியில்லை.

1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் மன்றங்களுக்குத் துணைச்சட்டம் இயற்றவும், நிபந்தனைகளோடு வியாபார உரிமம் தரவும் அதிகாரம் அளிக்கிறது. சுத்தம், சுகாதாரம், ஊர் ஒழுங்கு போன்றவற்றுக்கான அதிகாரம் அது. அபாயப் படியை உரிம நிபந்தனையாகச் சேர்த்தால், அதிகார வரம்பை மீறியதாக நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு ஏட்டளவில் நிற்பதல்ல. சிலாங்கூரின் 1995-ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு கூட்டரசின் அதிகாரத்துக்குள் நுழைகிறது என்று கூறி, 2021 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட கூட்டரசு நீதிமன்ற அமர்வு ஒருமனதாக அதைச் செல்லாது என்றது.

ஊருக்கு ஊர் சம்பளம் மாறக்கூடாது என்பது இதன் பொருள் அல்ல. 2020 பிப்ரவரி முதல் அமலான குறைந்தபட்சச் சம்பள ஆணை, மாநகர், நகராண்மைக் கழக எல்லைகளில் 1,200 வெள்ளியும் மற்ற இடங்களில் 1,100 வெள்ளியும் விதித்தது. கிள்ளான் நகராண்மைக் கழக எல்லைக்கு 1,200. அப்போது மாவட்ட மன்றமாக இருந்த கோல லங்காட்டுக்கு 1,100. வேறுபாடு ஊராட்சி எல்லையைப் பின்பற்றியது. ஆனால் அதை விதித்தது ஊராட்சி அல்ல, மனிதவள அமைச்சு. பின்னர் அந்த வேறுபாடு நீங்கி, 2025-இல் நாடெங்கும் 1,700 வெள்ளி ஆனது.

ஆக, அபாயப் படிக்கான வழி கூட்டரசு அரசாங்கம் இயங்கும் புத்ராஜெயாவில் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம், துறை, வேலை வகை, வட்டாரம் ஆகியவற்றுக்கு ஏற்பக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் பரிந்துரைக்க அந்த மன்றத்துக்கு இடம் தருகிறது. நாடாளுமன்றம் தனிச் சட்டமும் இயற்றலாம். அதற்குக் காத்திராமல், தொழிற்சங்கம் கூட்டு ஒப்பந்தத்தின் மூலம் அபாயப் படியைப் பெறலாம். முதலாளி தாமாகவே தரவும் தடையில்லை. சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகத் தருவதை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அனுமதிக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் அடிப்படைச் சம்பளத்தையே குறிப்பதால், அலவன்ஸைக் கூட்டி 1,700 வெள்ளியை எட்டியதாகக் கணக்குக் காட்ட முடியாது.

படி கிடைக்காவிட்டாலும் பாதுகாப்பு உரிமை உண்டு. ஊழியரின் பாதுகாப்பை இயன்றவரை உறுதிசெய்வது 1994-ஆம் ஆண்டு பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல், உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கத் தவறினால், ஊழியர் அவ்விடத்தை விட்டு விலகவும் உரிமை பெற்றிருக்கிறார்.

அடுத்த தொற்று வரும்போதும் கடைகள் திறந்தே இருக்க வேண்டியிருக்கும். அங்கே நிற்பவர்களுக்கு அபாயப் படி தருவது நியாயமான கோரிக்கை. நகராண்மைக் கழகத்திடம் மனுக் கொடுத்தால் அது நிறைவேறாது. நாடாளுமன்ற உறுப்பினரிடமும் மனிதவள அமைச்சிடமும் இப்போதே கேட்க வேண்டும்.