கொசுத்தேனீ கேட்கும் சாப்பாடு

தேன் மட்டும் இருந்தால் போதாது. மகரந்தம் இல்லாவிட்டால் வம்சமே இல்லை!

கேரளத்தில் பழைய ஓட்டு வீட்டுச் சுவரின் இடுக்கிலிருந்து மெழுகு போன்ற சிறு குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். அதன் வாயில் எறும்பு போன்ற கறுப்புப் பூச்சிகள் காவல் நிற்கும். சில வீடுகளில் மின்சார மீட்டர் பெட்டிக்குள்ளேயே இவை குடியிருக்கும்.

"ஏதோ பூச்சி" என்று சிமெண்டு வைத்து அடைப்பவர்கள் உண்டு. மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு. உண்மையில் அது ஒரு தேன்கூடு! நம் ஊரில் கொசுத்தேனீ என்பார்கள். மலையாளத்தில் செறுதேனீச்ச.

நீளம் 4 மில்லி மீட்டர்தான். கொடுக்கு சிறுத்துப் பயனற்றுப் போய்விட்டதால் கொட்டாது. கூட்டைக் கலைத்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். ஒரு கூட்டில் ஆண்டுக்குச் சில நூறு கிராம் தேன்தான் கிடைக்கும். ஆயுர்வேத மருந்துக்கு உகந்தது என்பதால் அதற்குக் கிராக்கி அதிகம்.

சோறும் பருப்பும்

தேனீக்குத் தேன் சோறு மாதிரி. பறப்பதற்கும் உழைப்பதற்கும் தெம்பு தரும். மகரந்தம் பருப்பு மாதிரி; உடல் வளரத் தேவையான புரதம், கொழுப்பு, வைட்டமின் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

எல்லாப் பூவின் மகரந்தமும் ஒரே தரமல்ல. சிலவற்றில் புரதம் நூற்றுக்கு மூன்று பங்குகூட இராது. சிலவற்றில் பாதிக்கு மேல் இருக்கும். தேனீக்கள் வளர இன்றியமையாத அமினோ அமிலங்கள் பத்து. ஒரு பூவில் குறைவதை இன்னொரு பூ ஈடு செய்யும். ஆகவே பல பூக்களின் மகரந்தம் கலந்து கிடைப்பதே நல்ல சாப்பாடு.

ரப்பர் தோட்டத்தைப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, ரப்பர் மரம் துளிர்க்கும்போது, இலைக் காம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசியும். அதில் தேன் நிறையக் கிடைக்கும். ஆனால் அது பூவல்ல; மகரந்தம் கிடையாது. பக்கத்தில் வேறு பூக்கள் இல்லையென்றால், தேன் நிறைந்த கூட்டிலும் குஞ்சுகளுக்குப் பட்டினிதான்!

ஒரே ஒரு தடவை

பெரிய தேனீ தன் குஞ்சுக்கு அடிக்கடி உணவு ஊட்டும். கொசுத்தேனீயின் வழக்கம் வேறு. வேலைக்காரத் தேனீக்கள் சிறு அறை கட்டி, மகரந்தமும் தேனும் தம் சுரப்பு நீரும் கலந்த கூழை அதில் நிரப்பும். ராணி வந்து அதன்மேல் ஒரு முட்டை இடும். உடனே அறையை மூடிவிடும். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்துத்தான் குஞ்சு தேனீயாக வெளியே வரும்.

இடையில் யாரும் கதவைத் திறந்து சோறு போடமாட்டார்கள். முதலில் வைத்ததுதான் ஆயுளுக்கும்! ராணியை உருவாக்க வேண்டுமானால் பெரிய அறையும் அதிகக் கூழும் வைக்கும். மகரந்தம் குறைந்தால் புதிய அறை கட்டுவதே குறைந்துவிடும்.

எந்தப் பூ பிடிக்கும்?

கொசுத்தேனீ அதிக தூரம் போகாது. கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள் எது ஏராளமாகப் பூத்திருக்கிறதோ, அதுதான் அதற்கு இலக்கு. ஒரு தடவை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவிலேயே பின்னங்கால் கூடையை நிரப்பிக்கொண்டு திரும்பும்.

கேரளத்தில் அதற்குக் கை கொடுப்பது தென்னை. மாதம் ஒரு பாளை என்ற கணக்கில் ஆண்டு முழுவதும் வெடிப்பதால் மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை. வழியோரத்துத் தொட்டாற்சுருங்கியிலும் காலை வேளையில் இவை மொய்க்கும். களை என்று நாம் வெட்டியெறிவது அதற்கு உணவு!

மகரந்தத்தையே அறவே துறந்த உறவினரும் உண்டு. செத்த பிராணிகளின் இறைச்சியைத் தின்று வாழும் கொட்டாத தேனீ ஒன்றைப் பற்றி, டேவிட் ரூபிக் என்ற விஞ்ஞானி பனாமாவில் ஆராய்ந்து 1982-ல் எழுதினார். மகரந்தம் தரும் புரதத்தை அது இறைச்சியிலிருந்து பெறுகிறது.

மழைக்குச் சேமிப்பு

கூட்டுக்குள் தேனுக்குத் தனிக் குடம், மகரந்தத்துக்குத் தனிக் குடம். உடைத்தால் மஞ்சளாக இறுகி, புளிப்பாக இருப்பது மகரந்தம்.

தேன் எடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, கூட்டை மொத்தமாகப் பிழிந்துவிடுவது. முட்டையும் குஞ்சும் அதோடு நசுங்கும். மகரந்தக் குடங்களும் போய்விடும். பிறகு இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் தேனீ வெளியே போக முடியாது. உள்ளேயும் ஒன்றுமில்லை. கூடு அழிந்துபோகும்.

எனவே மழைக்கு முன்பே தேன் குடங்களை மட்டும், அதிலும் ஒரு பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். கூட்டை இரண்டாகப் பிரித்து வளர்ப்பவர்கள் இரு பாதிகளிலும் மகரந்தக் குடங்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வீட்டுச் சுவரில் அந்தக் குழாயைக் கண்டால் அடைத்துவிட வேண்டாம். குழாயோடு ஒரு காலி மரப்பெட்டியை இணைத்து, தேனீக்கள் அதன் வழியாகவே போய்வரும்படி செய்தால், சில மாதங்களில் பெட்டிக்குள்ளும் கூடு கட்டத் தொடங்கும். வாசலில் துளசியும் கொடி ரோஜாவும் வளர்த்தால் இரை தேட அதிக தூரம் அலைய வேண்டியிராது.