இளமரத்தில் கத்தி வைக்கலாமா?

பால்மரக் கன்று நட்டு ஆறேழு ஆண்டுகளாவது ஆகாமல், சுற்றளவு போதாமல், நம்மில் யாரும் அதில் கத்தி வைப்பதில்லை. இளமரத்தில் வெட்டினால் அன்றைக்குப் பால் வரும், மரம் பருக்காது. கஞ்சாவைப் பற்றிப் பேச வந்த நாங்கள் மரத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மனித மூளையும் அப்படி மெல்லத்தான் முதிர்கிறது. அதற்கு ஏறக்குறைய 25 வயதாகிறது.

மீசை அரும்பிவிட்டால் பிள்ளை ஆளாகிவிட்டான் என்று நினைக்கிறோம். ஆனால் நெற்றிக்குப் பின்னால், பொறுமையும் முன்யோசனையும் தரும் பகுதி கடைசியில்தான் முதிர்கிறது. அந்த வயதில் மூளை, வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்து, வேண்டியவற்றை உறுதிப்படுத்துகிறது. இதற்குத் துணையாக அது தானே சில பொருள்களைச் சுரக்கிறது. அவற்றுள் ஒன்றை 1992இல் ஜெருசலம் ஆய்வாளர்கள் கண்டறிந்து, 'ஆனந்தம்' என்ற நம் காதுக்குப் பழகிய சொல்லைக் கொண்டே ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். அது துளியளவு சுரந்து, வேலை முடிந்ததும் மறைந்துவிடும். கஞ்சாவிலுள்ள டிஎச்சி என்னும் பொருளோ, அதே பூட்டில் கள்ளச் சாவியாக நுழைகிறது. உடற்கொழுப்பில் நாள்கணக்கில் தங்குகிறது. நினைவைப் பதிக்கும் இடத்தில் அந்தப் பூட்டுகள் மிகுதி. காலையில் படித்தது மாலையில் நிற்காமல் போவது அதனால்தான்.

எங்களிடம் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பையன் ஒருவன் மாலை வகுப்புக்கு வருவான். வயது 15. கணக்கில் கெட்டிக்காரன். ஆறே மாதத்தில் வாய்ப்பாடே தடுமாறியது. சோம்பல் என்று நாங்கள் எழுந்து நிற்கவைத்தோம். தகப்பனார் இடுப்பு வாரைக் கழற்றினார். பிறகு, யாரோ தன்னைத் திட்டுவது காதில் கேட்கிறது என்றான். பேய் என்று கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். கஞ்சா என்று எங்களுக்குத் தெரிய ஓராண்டு பிடித்தது. ஆசிரியர்களாகிய எங்களுக்கு அது வெட்கம்தான்.

"தாத்தா இழுத்தாரே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். தாத்தா எந்த வயதில் தொடங்கினார் என்று கேளுங்கள். சுவீடனில் 1969-70இல் படைக்கு வந்த இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து, 1987இல் முடிவை வெளியிட்டார்கள். ஐம்பது தடவைக்கு மேல் புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு அதிகமாக வந்திருந்தது. மற்றக் காரணங்களைக் கழித்தபோது அந்த எண் குறைந்தது, தொடர்பு அறுந்துவிடவில்லை. புகைத்தவர் எல்லாருக்கும் வருவதில்லை என்பதும் உண்மையே. குடும்பத்தில் மனநோய் இருந்தால் ஆபத்து கூடுகிறது.

1947இல் நம் கெடாவில், பீடோங் வட்டாரத்தில், தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். அது கண்ணுக்குத் தெரிந்த கடை. இது பிள்ளையின் சட்டைப்பையில் வருகிறது, பெண்பிள்ளைகளுக்கும் வருகிறது.

திடீரென்று மதிப்பெண் சரிந்தால், நண்பர்கள் மாறினால், தனியே பேசிச் சிரித்தால், அடிக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. அந்தப் பையன் இன்று மருந்து சாப்பிடுகிறான். திட்டும் குரல் நின்றுவிட்டது. வாய்ப்பாட்டை மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பழகுகிறான். ஏழாம் வாய்ப்பாடு வரை வந்திருக்கிறான்.