தொட்டி மீனின் ஆயுள்

வீட்டில் நாம் வளர்க்கும் உயிர்களுள் தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாதது மீன். பசித்தால் நாய் குரைக்கும். பூனை காலைச் சுற்றிவரும். கிளி கூண்டைக் கொத்தும். மீனோ நீரின் மேற்பரப்புக்கு வந்து ஓசையின்றி வாயைத் திறந்து மூடும். மறுநாள் காலையில் மிதக்கும். "அதற்கு ஆயுள் அவ்வளவுதான்" என்று கூறிவிட்டு வேறொன்று வாங்கி வருகிறோம். "வீட்டிற்கு வரவிருந்த கேட்டை மீன் தன்மேல் ஏற்றுக்கொண்டு போயிற்று" என்று சில இல்லங்களில் ஆறுதல் கூறிக்கொள்வதும் உண்டு. இவ்விரு விடைகளும் மனத்திற்கு அமைதி தருவன. ஆனால் இரண்டும் காரணத்தை மறைத்துவிடுகின்றன. மீனின் இயல்பான ஆயுள் எவ்வளவு, நம்மிடம் வந்த மீன் ஏன் அவ்வளவு காலம் வாழ்வதில்லை என்பவற்றை இங்கே காண்போம்.

இயற்கை வகுத்த ஆயுள்

'மீனின் ஆயுள்' என்று பொதுவாகப் பேசுவதே பொருந்தாது. பவளப் பாறைகளில் வாழும் ஒரு சிறு கோபி மீன் அதிக அளவாக 59 நாட்களே வாழ்கிறது என்று 2005ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டறிந்தனர். வடகடலில் வாழும் கிரீன்லாந்து சுறாவோ குறைந்தது 272 ஆண்டுகள் வாழக்கூடியது என்று 2016ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். இவ்விரு எல்லைகளுக்கும் இடையில்தான் நம் கண்ணாடித் தொட்டி மீன்கள் இருக்கின்றன.

நல்ல பராமரிப்பில் கப்பி மீன் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வாழும். சண்டை மீன் எனப்படும் 'ஃபைட்டர்' இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை வாழும். நீண்ட துடுப்புகளோடு கடையில் நாம் வாங்கும்போதே அதன் வயதில் பல மாதங்கள் கழிந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏஞ்சல் மீன் எட்டுப் பத்து ஆண்டுகள் வாழக்கூடியது. ஆஸ்கார் மீனும், 'டேங்க் கிளீனர்' என்று கடைகளில் விற்கப்படும் சக்கர் மீனும் பத்து ஆண்டுகளைக் கடந்து வாழ்வன. தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வளர்ப்பு மீனாகியது. அதன் ஆயுள் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள்; இருபதைத் தாண்டுவதும் உண்டு.

இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு ஒரு திருவிழாச் சந்தையில் விளையாட்டுப் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்னும் தங்கமீன் 1999ஆம் ஆண்டு வரை, அதாவது 43 ஆண்டுகள், ஒரே குடும்பத்தில் வாழ்ந்தது. சிகாகோ நகரின் ஷெட் மீன் காட்சியகத்திற்கு 1933ஆம் ஆண்டில் வந்த ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் ஒன்று 2017ஆம் ஆண்டு வரை அங்கேயே இருந்தது. பார்க்க வந்த சிறுவர் தாத்தாவாகித் தம் பேரரோடு திரும்பி வந்து அதே மீனைப் பார்த்திருக்கலாம்!

இயற்கையில் வாழ்வதைவிடத் தொட்டியில் நெடுநாள் வாழும் மீன்களும் உண்டு. அமேசான் ஆற்றின் கிளையாகிய ரியோ நீக்ரோவில் பிறக்கும் கார்டினல் டெட்ரா என்னும் சிறுமீன்களில் பெரும்பாலானவை ஓராண்டிற்குள் மடிந்துவிடுகின்றன. பகை மீன்களும் உணவுப் பஞ்சமும் இல்லாத நல்ல தொட்டியில் அதே மீன் நான்கைந்து ஆண்டுகள் வாழ்கிறது. ஆகவே தொட்டிதான் மீனைக் கொல்கிறது என்று பழி கூறுவது தவறு. தொட்டிக்குள் இருக்கும் நீரைத்தான் விசாரிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

தமிழகத்தார்க்கு மீன் காட்சி புதிதன்று. 1909ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்பிற்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற ஊர். பண்ணையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டிற்கும் பிளாஸ்டிக் பையில் பயணம் செய்து களைத்த மீன், புதிய தொட்டியில் விடப்படுகிறது. அதற்கு உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்குகிறது.

மீன் தன் உடற்கழிவை அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் கலக்கிறது. உண்ணாமல் எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாகிறது. ஆற்றிலும் ஏரியிலும் இது பெருநீரில் கரைந்துபோகும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில் இருப்பது ஏறத்தாழ ஐம்பது லிட்டர் நீர். அதில் அம்மோனியா தேங்கிச் செவுள்களை அரிக்கிறது.

இதற்கு இயற்கையே ஒரு மாற்றும் வைத்திருக்கிறது. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க இயலாததாக்கிவிடும். மற்றொரு வகைப் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு. இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதந்து திரிவதைவிட, வடிகட்டியின் பஞ்சிலும் அடியிலுள்ள கூழாங்கற்களிலும் ஒட்டி வாழ்வதே மிகுதி. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதிதாக வாங்கிய மீன்கள் முதல் மாதத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக இறப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. விதியும் கண்ணேறும் இதில் குற்றவாளிகள் அல்ல.

தூய்மையே பகையாவது

இனி ஒரு வியப்பான உண்மை. பல வீடுகளில் மீனைக் கொல்வது அழுக்கு அன்று, தூய்மை! ஞாயிற்றுக்கிழமை வந்ததும் மீனை ஒரு வாளியில் விட்டு, தொட்டி நீர் முழுவதையும் கொட்டி, கற்களைத் தேய்த்து, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, பளபளவென்று புதுநீர் நிரப்புகிறோம். ஆறு வாரங்கள் பாடுபட்டு உருவான பாக்டீரியாக் குடியிருப்பு ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடுகிறது. குழாய்நீரில் கிருமியைக் கொல்லக் கலந்த குளோரின், எஞ்சிய பாக்டீரியாவையும் கொல்கிறது; மீனின் செவுளையும் புண்ணாக்குகிறது. தொட்டி மீண்டும் முதல் நாள் நிலைக்கு வந்துவிடுகிறது. மிகுந்த அக்கறையுடையவர் வீட்டில் மீன் அடிக்கடி இறப்பதும், சற்றே சோம்பலானவர் வீட்டில் அது ஆண்டுக்கணக்கில் வாழ்வதும் இதனால்தான்.

நம் புதுவையின் வெப்பமும் ஒரு காரணம். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும்; 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. வெப்பம் ஏறினால் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனோ கூடுகிறது. மேலும், நீரின் காரத்தன்மை ஓர் அலகு உயர்ந்தால், அதாவது அதன் பி.எச். மதிப்பு 7லிருந்து 8 ஆனால், அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது. ஆகவே கத்திரி வெயிலில் மின்சாரம் தடைப்பட்டுக் காற்றுக்குமிழி நின்றுபோகும் இரவு, நெரிசலான தொட்டிக்கு ஆபத்தான இரவாகும்.

"தொட்டியின் அளவுக்கு ஏற்பவே மீன் வளரும்" என்ற நம்பிக்கையும் பரவியுள்ளது. வளர்ச்சி குன்றுவது இசைந்து வாழ்வதன் அடையாளம் அன்று. கெட்ட நீரில் நலிவதன் அடையாளம். ஒரு சாண் வளர வேண்டிய தங்கமீனை உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் வைப்பது, அதன் ஆயுளையும் அந்தக் குடுவைக்குள் சுருக்குவதாகும்.

குறுகிய ஆயுள், நீண்ட வம்சம்

ஆயுள் குறைந்த மீனும் நம்மோடு நெடுங்காலம் தங்குவதுண்டு. கப்பி குட்டி போடும் மீன். ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஈனும். தாய் மறைந்தாலும் வம்சம் தொடரும். நம் கதிர்காமத்திற்கு அருகே இந்திரா நகரில், 1975ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் உள்ளது. 1981 முதல் 1985 வரை புதுச்சேரியில் யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களை ஒடுக்க அது பெருமுயற்சி மேற்கொண்டது. கொசுப்புழுவைத் தின்னும் மீன்களும் அம்முயற்சியில் பயன்பட்டன. அழகுக்கு மட்டுமின்றி மனிதன் நலத்திற்கும் சிறுமீன் உதவும் என்பதற்கு நம் ஊரே சான்று.

நாம் செய்ய வேண்டுவன

மீன் வாங்குமுன் தொட்டியை அமைத்து, வடிகட்டியை ஓட விட வேண்டும். ஏற்கெனவே நன்றாக இயங்கும் தொட்டி ஒன்றிலிருந்து சிறிது கல்லோ பஞ்சோ பெற்று இட்டால் பாக்டீரியா விரைவில் பெருகும். முதலில் இரண்டொரு மீன்களே போதும். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றலாம். புதுநீரைக் குளோரின் நீங்க அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே இரையிட வேண்டும். மீன் பட்டினியால் சாவதைவிட, இட்ட இரை மிகுந்து சாவதே அதிகம்.

ஏரியில் விடலாமா?

மீன் நெடுநாள் வாழ்வதும் சிலருக்குச் சுமையாகிவிடுகிறது. விரல் அளவில் வாங்கிய 'டேங்க் கிளீனர்' ஓரடிக்கு மேல் வளர்ந்துவிட்டால், "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுகின்றனர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் தமிழகத்து நீர்நிலைகளிலும் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களிலும் இன்று பெருகிக் கிடக்கிறது. அதன் முள்ளும் கவசமும் மீனவர் வலையைக் கிழிக்கின்றன. சந்தையில் அதற்கு விலையும் இல்லை. பறவைகளின் புகலிடமாகிய நம் ஊசுட்டேரிக்கு அந்த நிலை நேரலாகாது. வளர்க்க இயலாத மீனைக் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைப்பதே இரக்கம்.

ஆகவே, மாணவ நண்பர்களே, மீன் கடைக்குச் செல்லும்போது "இது என்ன விலை?" என்று மட்டும் கேட்காதீர்கள், "இது எத்தனை ஆண்டு வாழும்? எவ்வளவு வளரும்?" என்றும் கேளுங்கள். இன்று தங்கமீன் வாங்கும் முதலாமாண்டு மாணவர் பட்டம் பெற்று, வேலை தேடி, குடும்பம் அமைக்கும் வரை அம்மீன் உடனிருக்கக் கூடும். அத்தனை காலமும் அதற்கு நல்ல நீர் தர முடியுமா என்று எண்ணிப் பார்த்தபின் வாங்குவதே முறை.