நாளுக்கு 56 பேக்கேஜ்

ஊரப்பாக்கத்தில் மின்ரயில் ஏறி வடக்கே போனால் தாம்பரத்தைத் தாண்டிக் குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னைப் பிரிவும் சேர்ந்து, 2005-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தை நடத்தின. சிடாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸுக்கு அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு. அதனால் மென்பொருள் புதுப்பிப்பைப் பற்றிய இந்தக் கணக்கு டெபியனின் எண்களில் தொடங்குகிறது.

2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-இல் 59,551 பேக்கேஜ்கள். 2023 ஜூனில் 12-ஆம் பதிப்பில் 64,419. 2025 ஆகஸ்டில் 13-ஆம் பதிப்பில் 69,830. வளர்ச்சி முறையே 8.2, 8.4 சதவீதம். இந்த நிதானத்துக்கு அடியில் நடந்தது வேறு: 13-ஆம் பதிப்பில் மட்டும் 14,100-க்கு மேல் புதிதாகச் சேர்ந்தன, 8,840-க்கு மேல் நீங்கின, 44,326 புதுப்பிக்கப்பட்டன.

12-க்கும் 13-க்கும் இடையே 791 நாள்கள். 44,326-ஐ அதனால் வகுத்தால் நாளுக்கு 56. பலமுறை மாறிய பேக்கேஜும் இதில் ஒருமுறைதான் எண்ணப்படுகிறது. ஆகவே இது கீழ் வரம்பு. வெளியிடப்பட்ட பதிப்பான ஸ்டேபிளை வைத்திருப்பவருக்கு இந்த மாற்றம் ஒரே இரவில் வருகிறது. வளர்ச்சிப் பதிப்பான டெஸ்டிங்கில் இருப்பவருக்குத் தவணையில் வருகிறது. 2,000 பேக்கேஜ் உள்ள மடிக்கணினியில் அதே 63.5 சதவீதம் மாறுவதாக வைத்தால் 1,270, வாரத்துக்கு 11.

பதிவிறக்கம் இன்று செலவே அல்ல. மொத்தம் 1.5 ஜிபி என்று கொள்வோம். 2004-இல் அரசு வரையறுத்த அகலப்பட்டை வேகம் 256 கேபிபிஎஸ். அதில் 13 மணி நேரம் ஆகும். 2023-இன் வரையறையான 2 எம்பிபிஎஸ்ஸில் 1 மணி 40 நிமிடம். ஊரப்பாக்கம் வீடொன்றில் 40 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தால் 5 நிமிடம்.

உண்மையான செலவு பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் முதலில் டெஸ்டிங்குக்கு முந்தைய கிளையான அன்ஸ்டேபிளுக்கு வருகிறது. அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாள் கழித்தே டெஸ்டிங்குக்கு இறங்குகிறது. சார்ந்த பேக்கேஜ் ஏதேனும் தடுத்தால் இன்னும் தாமதம். ஸ்டேபிளுக்கோ பாதுகாப்புக் குழு நேரடியாக அனுப்புகிறது. கடைக் கணக்கோ பிள்ளைகளின் பாடமோ இருக்கும் கணினியை டெஸ்டிங்குக்கு மாற்ற நான் சொல்லமாட்டேன். இரண்டாவது கணினி இருந்தால் தாராளமாக மாற்றலாம்.

டெஸ்டிங்குக்கு மாற, பேக்கேஜ் மூலங்களின் பட்டியல் கோப்பில் மாற்ற வேண்டியது ஒரே சொல்: 13-ஆம் பதிப்பின் பெயரான ‘ட்ரிக்ஸி’ இருந்த இடத்தில் ‘டெஸ்டிங்’. பிறகு பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் ஒரு சுருக்கம் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். எத்தனை எம்பி இறங்கும் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது எத்தனை பேக்கேஜ் நீக்கப்படும் என்ற எண். அது 5 என்றால் பெயர்களைப் படித்துவிட்டுத் தொடரலாம். 150 என்றால் ‘என்’ அழுத்தி, சில நாள் கழித்து மறுபடி பார்க்கலாம்.

32 பிட் பிசிக்கு (ஐ386) இந்தக் கேள்வியே எழாது. 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. 12-ஆம் பதிப்பின் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் 30 வரை உண்டு.